வேலனின் ஆட்டமும் தோழியின் ஐயமும்: உடல்வழி ஆய்வு குறித்து ஒரு மதிப்பீடு

நடனத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்வது ஒன்று. நடனத்தையே ஆய்வுக் கருவியாகக் கொள்வது வேறொன்று. முன்னதில் ஆய்வாளர் பார்வையாளராக நிற்கிறார். பின்னதில் தாமே ஆடிப் பழகி, ஆடும்போது தம் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வனவற்றைக் குறித்து, அக்குறிப்பையே சான்றாக முன்வைக்கிறார். மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கடந்த சில பத்தாண்டுகளாக இப்பின்னைய முறை வேரூன்றியுள்ளது. சமயமும் நிகழ்த்துகலையும் சந்திக்கும் இடத்தை ஆராய்வோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். சடங்கின் உட்பொருளை வெளியிலிருந்து எழுத முடியாது, உடலால் புகுந்தே அறிய வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

புலம்பெயர் தமிழரிடையே இம்முறைக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. இலண்டனிலோ தொராண்டோவிலோ ஐந்து வயதில் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்து, பதினைந்து பதினாறு வயதில் அரங்கேறிய ஒரு பெண் பின்னர் ஆய்வு மாணவியாகும்போது, அவள் கையிலிருக்கும் முதன்மையான ஆவணம் அவள் உடல்தான். கல்வெட்டு வாசிக்கும் பயிற்சி இல்லாதிருக்கலாம்; பழந்தமிழ் உரைகளில் புகுவது கடினமாக இருக்கலாம். அடவு தெரியும், தாளம் தெரியும், ஒரு வர்ணத்தை முழுமையாக ஆடி முடித்தபின் உண்டாகும் அமைதியும் தெரியும். அந்த அமைதியை 'ஆன்மிக அனுபவம்' என்று பெயரிட்டு ஆய்வேட்டின் முடிவாக வைப்பது இயல்பாகவே நேர்கிறது.

அவ்வனுபவத்தை யாரும் பொய் என்று சொல்ல இயலாது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பிறர் மறுக்க வாய்ப்பே இல்லாத கூற்று ஆய்வுக் கூற்று ஆகுமா? ஆடுபவரின் உள்ளுணர்வு எதற்குச் சான்று: கலைக்கா, கடவுளுக்கா, அவர் பெற்ற பயிற்சிக்கா?

'மெய்' என்னும் சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும் என்று தொடங்கும் கட்டுரைகள் நம் மாநாடுகளில் மிகுதி. அழகிய பொருத்தம்தான்; ஆயினும் ஒரு சொல்லின் இருபொருளால் எதுவும் நிறுவப்படுவதில்லை. தமிழ் மரபு இவ்வினாவுக்கு அளிக்கும் விடை அகராதியில் இல்லை. வெறியாட்டுப் பாடல்களில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

வெறியாட்டு என்னும் வினவல் முறை

அகப்பாடல்களில் வெறியாட்டு வரும் சூழல் அனைவரும் அறிந்ததே. தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, மேனி பசக்கிறது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியையும் வேலனையும் நாடுகிறாள். கழங்கிட்டுப் பார்க்கப்படுகிறது. மணல் பரப்பிய களத்தில், நள்ளிரவில், வேலன் ஆடுகிறான். முருகு அவன் மேல் இறங்குகிறது. நோய்க்குக் காரணம் முருகன் என்ற முடிவு அறிவிக்கப்படுகிறது.

இதனைச் சடங்கு என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. இது ஒரு வினவல். வினா உண்டு: இவள் நோய் எதனால் வந்தது? கருவி உண்டு: வேலனின் ஆடும் உடல். முடிவும் உண்டு. வெறியின் முறையை அறிந்திருத்தலையே வேலனின் சிறப்பாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுவதை இங்கு நினைவுகொள்ளலாம். ஆடுதலையும் அறிதலையும் இணைத்த மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் அஃது ஒன்று. ஆடி அறியும் முறை நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருத வேண்டியதில்லை.

ஆனால் சங்கப் புலவர் இம்முறையைக் கொண்டாடுவதோடு நிற்கவில்லை. அதன் முடிவு தவறு என்பதை ஏறக்குறைய ஒவ்வொரு வெறியாட்டுப் பாடலும் சொல்கிறது. நோய்க்குக் காரணம் முருகன் அல்லன், மலைநாட்டுத் தலைவனே. இதனை அறிந்தவள் தலைவி. அவளினும் துணிவாகச் சொல்பவள் தோழி. நற்றிணை 34ஆம் பாடலில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்துகிறாள். நோய் உன்னால் வந்ததன்று என்பது உனக்கே தெரியும். தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நின்றாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறிவில்லாதவன்தான் என்கிறாள். குறுந்தொகை 362இல் அவளே வேலனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: ஆட்டை அறுத்துச் சோற்றுருண்டை படைக்கிறாயே, நோயை உண்டாக்கிய தலைவனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமா? வெறியைப் பாடியதாலேயே பெயர்பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியாரின் பாடலில் (அகநானூறு 22) வெறி நிகழ்ந்த அதே இரவில் காதலன் வந்து சேர்கிறான், நோய் தணிகிறது, வேலனுக்காக வீணானதை எண்ணித் தலைவி சிரித்துக்கொள்கிறாள். ஐங்குறுநூற்றில் கபிலர் இப்பொருளுக்கு ஒரு பத்தையே ஒதுக்கியிருக்கிறார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இப்பாடல்கள் வேலனை ஏமாற்றுக்காரன் என்று பழிப்பதில்லை. அவன் உண்மையாகவே ஆடுகிறான். அவன் மேல் முருகு வந்ததைத் தோழியும் மறுக்கவில்லை. வந்த முருகனிடமே அவள் வழக்காடுகிறாள். அனுபவம் உண்மை, அதிலிருந்து பெற்ற முடிவு தவறு. வேலனின் உடல் ஒரே ஒரு விடையைத் தரவே பயிற்றப்பட்டிருக்கிறது. எந்தப் பெண்ணின் எந்த மெலிவைக் காட்டினாலும் அது முருகன் என்றே சொல்லும். வேறு விடை சொல்லும் வழி அந்த ஆட்டத்தில் இல்லை.

திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியிலும் வெறியாட்டு வருகிறது. அங்கே குறமகள் களம் அமைத்து முருகனை வரவழைக்கிறாள். அங்கு எள்ளல் இல்லை, ஐயம் இல்லை. ஒரே ஆட்டம் ஓரிடத்தில் போற்றப்படுகிறது, ஓரிடத்தில் நகைக்கப்படுகிறது. இம்முரண்பாட்டை அகம் வேறு, புறம் வேறு என்று திணைவழியாக விளக்குவது வழக்கம். எளிய விளக்கம் ஒன்றும் உண்டு. வழிபாடாக ஆடும்போது வெறி எதையும் நிறுவக் கடமைப்பட்டதன்று. நோய்க்காரணம் அறியும் முறையாக ஆடும்போது அது சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். இன்றைய உடல்வழி ஆய்வுகள் பலவற்றில் இவ்விரண்டும் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன: வழிபாட்டுக்குரிய விலக்கை ஆய்வு கேட்டுப் பெற்றுக்கொள்கிறது.

கண்ணும் செவியும்

தோழியின் இடம் அகப்பாடலோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலிய எட்டையும் அவற்றின் நிலைக்களன்களையும் விரித்துரைத்து, இயலின் இறுதியில் ஒரு நிபந்தனையை வைக்கிறது. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரும் ஆற்றல் உடையவர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளை ஆராய்ந்து கொள்ளுதல் அரிது என்பது அது. மெய்ப்பாடு தோன்றுவது ஒருவர் உடலில். அதை அறிபவர் காண்பவரும் கேட்பவரும். தன் அழுகையின் பொருளைத் தானே முழுதும் அறிந்தவர் என்று எவரையும் தொல்காப்பியர் குறிப்பிடவில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இவ்வாறே அமைந்திருக்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறுகிறாள் மாதவி. ஆனால் காதை அவளை உடனே ஆடவிடுவதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்கள் முதலில் வருகின்றன, பின் அரங்கின் அளவுகள், பின் தலைக்கோல். இவற்றுக்குப் பிறகே அவள் வலக்காலை முன்வைத்து ஏறுகிறாள். ஆடும்போது மாதவி என்ன உணர்ந்தாள் என்று இளங்கோ சொல்லவில்லை. ஆட்டம் நூலின் வழி வழுவாது அமைந்தது என்பதே அவர் தரும் செய்தி. உணர்வு இல்லை என்பது இதன் பொருளன்று. ஆட்டத்தைப் பற்றிய அறிவு ஆடுபவரின் தோலுக்குள் அடைபட்டிருப்பதாக அக்காலத்தவர் எண்ணவில்லை.

கல்லிலிருந்து உடலுக்கு

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் நிகழ்ந்த உடல்வழி ஆய்வுகளுள் பெரியது பத்மா சுப்ரமணியம் கரணங்கள் குறித்துச் செய்தது. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் 108 கரணங்களைக் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் சிவன் ஆடும் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரம் கோபுர வாயில்களில் ஆடுபவர் பெண்கள். சிற்பங்களோடு சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றை அறிஞர் பலர் தனித்தனி நிலைகளாகவே, அதாவது உறைந்த தோற்றங்களாகவே வாசித்துவந்தனர். பத்மா சுப்ரமணியம் அவற்றை அசைவுகள் என்று வாதிட்டார். சுலோகம் கூறும் கை, கால், உடல் ஆகியவற்றின் தொழிலைத் தம் உடலில் செய்துபார்த்தார். ஒரே கரணத்தின் தொடக்கத்தை ஒரு சிற்பியும், நடுவை மற்றொருவரும், முடிவை வேறொருவரும் காட்டியிருக்கலாம் என்ற விளக்கத்தை அடைந்தார்.

இவ்வாய்வின் ஒரு பகுதியை எவரும் எளிதில் அசைக்க இயலாது. கரணம் என்பது தோற்றம் அன்று, செயல் என்பதை நூலும் ஆதரிக்கிறது. இங்கு உடல் நல்ல கருவியாகப் பணிபுரிந்தது. குறிப்பிட்ட கால் நிலையிலிருந்து குறிப்பிட்ட கை நிலைக்குச் செல்ல முடியுமா என்ற வினாவுக்கு உடல் 'முடியாது' என்றும் விடை சொல்ல வல்லது. முழங்கால் மடங்காத திசையில் எந்தக் கோட்பாடும் அதை மடக்க இயலாது.

அடுத்த பகுதி வேறு. ஒரு தோற்றத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழிகள் பல. அவற்றுள் ஒன்றை ஆடுபவரின் உடல் தேர்கிறது. அத்தேர்வைத் தீர்மானிப்பது அந்த உடல் இளமையிலிருந்தே பழகிய மரபு. 1010 அளவில் முற்றுப்பெற்ற கோயிலின் சிற்பத்தை இருபதாம் நூற்றாண்டுச் சென்னையில் பயின்ற உடல் இயக்கும்போது, இடைவெளிகளை நிரப்புவது சென்னையே. விளைவு அழகாக இருக்கலாம், இருந்தது. பரதநிருத்தியம் என்ற பெயரில் அது தனி ஆடல்முறையாகவும் வளர்ந்தது. மராட்டியத்தின் சாதாராவிலுள்ள நடராசர் கோயிலில் அவர் வடிவமைத்த கரணச் சிற்பங்கள் நிற்கின்றன. கல்லிலிருந்து உடலுக்கு வந்தது மீண்டும் கல்லாகியது. நூறாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் அவற்றைக் கண்டு, இரு மரபுகளும் ஒத்திருப்பதைச் சான்றாகக் காட்டக்கூடும்! படைப்பாக இம்முயற்சி மிக உயர்ந்தது. மீட்டெடுப்பு என்று அதனை அழைக்கும்போது மட்டும் தோழியின் கேள்வி எழுகிறது.

திருத்தணியில் கற்றது

நெதர்லாந்தைச் சேர்ந்த சஸ்கியா கெர்சென்பூம் வேறு வழியில் சென்றார். திருத்தணி முருகன் கோயிலில் பணிசெய்த தேவதாசி மரபினரான பி. ரங்கநாயகியிடம் அவர் பாடலும் ஆடலும் கற்றார். 1987இல் வெளிவந்த 'நித்யசுமங்கலி' என்ற நூலும், 1995இல் வெளிவந்த, தமிழ்ப் பனுவலின் வாழ்வு குறித்த 'சொல், ஒலி, உரு' என்று நாம் பெயர்க்கத்தக்க நூலும் அக்கல்வியின் விளைவுகள். இரண்டாவது நூலின் வாதம் நமக்கு நெருக்கமானது: தமிழில் பனுவல் என்பது தாளில் கிடக்கும் எழுத்து அன்று, இயல், இசை, நாடகம் மூன்றும் கூடி நிகழ்த்தப்படும்போதே அது முழுமையடைகிறது. ஆகவே நூலோடு ஆட்டமும் பாட்டும் அடங்கிய ஊடாட்டக் குறுவட்டு ஒன்றையும் இணைத்தார். (அந்த வட்டை இயக்கும் கருவி இன்று சந்தையில் இல்லை. நூலகங்களில் நூல் வாசிக்கக் கிடைக்கிறது, வட்டு ஊமையாகிவிட்டது. நிகழ்த்தப்படாத பனுவல் உயிரற்றது என்ற வாதத்துக்கு இதனினும் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.)

கெர்சென்பூமின் சிறப்பு, கற்பித்தவர் ஒருவர் இருந்தார் என்பதில் இருக்கிறது. தஞ்சைக் கற்கள் நாட்டியக்காரரைத் திருத்துவதில்லை. ரங்கநாயகி திருத்த முடிந்தது. எந்தப் பாடல் கோயிலில் எப்போது பாடப்பட்டது, எந்தச் செயலுக்கு ஆட்டம் துணை, எது ஆட்டமே அன்று என்றெல்லாம் அவர் சொல்ல முடிந்தது. ஆய்வாளரின் உடல் தவறும்போது அத்தவற்றைக் காண்பதற்கு ஒரு கண் இருந்தது.

அவ்வாறு கற்றதிலிருந்து 'நித்யசுமங்கலி' அடையும் முடிவு, ஆன்மிகத்தை உள்ளுணர்வாகக் கொள்வோர் நின்று சிந்திக்க வேண்டியது. தேவதாசியின் கோயிற்பணியில் மையமானது கும்பாரத்தி. மாலையில், வீதியுலா முடிந்து இறைவன் திரும்பும்போது, குடவிளக்கைச் சுற்றிக் கண்ணேறு கழிப்பவள் அவள். அதை அவளே செய்யக் காரணம் அவளுடைய பக்தியின் ஆழம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கடவுளை மணந்தவள், கணவனை இழக்க வாய்ப்பில்லாதவள், என்றும் சுமங்கலி. அமங்கலம் அணுகாத கை அது. ஆற்றல் இருந்தது அந்தத் தகுதியில். அன்று மாலை அவளுக்குத் தலைவலி இருந்திருக்கலாம், வீட்டுக் கவலை இருந்திருக்கலாம்; கும்பாரத்தி பலித்தது.

இதிலிருந்து தொடரும் ஒன்றை நூல் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. பாடலைக் கற்பிக்கலாம், முத்திரையைக் கற்பிக்கலாம், விளக்கு சுற்றும் முறையையும் காட்டலாம். நித்தியசுமங்கலி என்ற தகுதியைக் கற்பிக்க இயலாது. அது பொட்டுக்கட்டுதலால் வருவது. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசிகள் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்தது. கோயில் வளாகத்திலும் உற்சவ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் அது விலக்கியது. கும்பாரத்தியோடு ஆடினும் அதின்றி ஆடினும் குற்றம் என்று அச்சடங்கின் பெயரையே குறிப்பிட்டு விலக்கியது. சட்டம் எழுதியவர்களுக்கு எது மையம் என்று தெரிந்திருக்கிறது! ஆகவே ரங்கநாயகியிடமிருந்து மாணவிக்கு வந்து சேர்ந்தது அசைவு. அசைவைப் பலிக்கச் செய்த நிலை வந்து சேரவில்லை. அதே அசைவைச் செய்து அதே ஆன்மிகத்தை அறிந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் அறிந்தது எது? அவருக்கு நேர்ந்தது ஒன்று உண்டு, ஐயமில்லை. அது ரங்கநாயகி செய்தது அன்று.

ஆடலின் ஆன்மிகம் ஆடுபவரின் உள்ளுணர்வில் இருக்கிறது என்ற கருத்து மேடைக்கு உரியது. பெரிதும் 1935இல் ருக்மிணி தேவி மேடையேறிய பின்னர் வலுப்பெற்றது. கோயிலிலிருந்து ஆட்டம் வெளியேறிய அதே காலத்தில் மேடையின் ஓரத்தில் நடராசர் திருவுருவம் வைக்கப்பட்டது தற்செயல் அன்று. சடங்கின் ஆற்றலும் சமூகத் தகுதியும் இல்லாத இடத்தில் அவற்றின் பணியை உள்ளுணர்வும் உருவமும் ஏற்க வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வரலாறாகச் சொல்கிறேன்.

இதே காலத்தில் மரபுவழி வந்த தஞ்சை பாலசரசுவதி ஆன்மிகத்தைப் பற்றிப் பேசியபோது எவ்வாறு பேசினார் என்பதை ஒப்பிடலாம். 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையைக் கோயிலின் அமைப்புக்கு ஒப்பிட்டார்: கோபுரத்தில் தொடங்கி, மண்டபங்களைக் கடந்து, கருவறைக்குச் செல்வது போன்றது கச்சேரி வரிசை. அவர் சொன்ன ஆன்மிகம் வரிசையிலும் தாளக் கட்டுப்பாட்டிலும் இசையோடு உடல் ஒன்றுதலிலும் இருக்கிறது. அதாவது கேட்பவரும் காண்பவரும் பின்தொடரக்கூடிய ஒன்றில். சிருங்காரத்தைக் களைந்தால்தான் ஆட்டம் தூய்மையாகும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தபோதும் மாணவர்க்குப் பாட்டே முதலில் வந்தது. ஆன்மிகத்தைத் தனிப்பாடமாக அவர் வைக்கவில்லை.

களரியும் காவடியும்

பரதநாட்டியம் ஒன்றையே வைத்து இவ்வினாவை ஆராய்வது நம் வழக்கமாகிவிட்டது. ஈழத்துக் கூத்தாய்வு இவ்வகையில் தெளிவானது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மரபுக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்தவரும், 'இராவணேசனை' மீண்டும் நெறியாள்கை செய்தவரும் அவரே. வட்டக்களரியில் நாற்புறமும் நோக்கி ஆடிய உடல், ஒருபுறமே திறந்த படச்சட்ட மேடையில் எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்பது ஆடியவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவர் தம் உள்ளுணர்வை நாட வேண்டியதில்லை. வரவுத் தாளத்தையும் ஆட்டக் கோலத்தையும் காட்டினால் போதும். அண்ணாவியார் ஒருவர் அருகிருந்து சரி, தவறு சொல்வார். சட்டம் கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் கலை அது. தோழிகளுக்குப் பஞ்சமில்லை.

சிங்கப்பூர், மலேசியத் தைப்பூசக் காவடி இன்னும் கடினமானது. பினாங்குத் தைப்பூசம் குறித்த எலிசபெத் ஃபுல்லர் காலின்சின் நூல் 1997இல் வந்தது. அதற்குப் பின்னும் பலர் எழுதியுள்ளனர். காவடியைத் தாமே சுமந்து அருள்நிலையை அறிய வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. காவடி நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்ததற்கோ நோய் நீங்கியதற்கோ செலுத்தப்படும் கடன். கடன் இல்லாமல் சுமப்பவர் தோளில் இருப்பது எடை மட்டுமே. அவர் அருள் பெற்றாலும் அது அடுத்தவர் பெற்றதற்குச் சான்றாகாது. மாறாக, சிங்கப்பூரில் நடந்த ஒன்றை எந்தக் காவடியும் சுமக்காமலே ஆராயலாம். 1973 முதல் ஊர்வல வழியில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இசைவு அளிக்கப்பட்டது. பறையும் உறுமியும் இல்லாத அந்த நாற்பது ஆண்டுகளில் காவடியாட்டத்தின் கால் எவ்வாறு மாறியது, பாட்டும் வேல் முழக்கமும் அதன் இடத்தை எவ்வளவு நிரப்பின, அருள் வருவதும் இறங்குவதும் எங்கே நிகழ்ந்தன? அசைவுக்கும் ஆன்மிகத்துக்கும் உள்ள உறவை அறிய இதனினும் நல்ல வாயில் அரிது. ஆண்டுதோறும் காவடி எடுத்த முதியோர் இன்னும் அங்கு வாழ்கின்றனர்.

யாருடைய உடல் சான்று?

உடல்வழி ஆய்வில் உண்மையில் பணயமாக இருப்பது இதுதான். டேவேஷ் சோனேஜியின் 2012ஆம் ஆண்டு நூல், தென்னிந்தியத் தேவதாசியர் மரபுப் பெண்களின் நினைவுகள் எவ்வாறு அவர்கள் வீட்டு முற்றங்களிலும் கூடங்களிலும் ஆட்டமாக எஞ்சியிருக்கின்றன என்று காட்டியது. விராலிமலை முத்துக்கண்ணம்மாள் போன்றோரிடம் எஞ்சியிருப்பது கோயிற்பாட்டு மட்டும் அன்று. பக்தி என்ற சொல்லுக்குள் அடங்காத, விளையாட்டும் கேலியும் அரசவைச் சுவையும் கலந்த உருப்படிகளும் உண்டு. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்கள் உடல் சொல்வது, 'ஆட்டமே ஆன்மிகம்' என்ற நம் முடிவோடு பொருந்தாத இடங்கள் பல. ஆய்வாளரின் பயின்ற உடல் தன்னையே சான்றாக வைக்கும்போது, பொருந்தாத அந்த உடல்களைக் கேட்க வேண்டிய தேவை மறைந்துவிடுகிறது. வசதியும் கல்வியும் உள்ள ஒருவரின் பரவசம், வறுமையில் ஒதுக்கப்பட்ட ஒருவரின் நினைவை மூடிவிடுகிறது. எண்ணிச் செய்வதன்று; ஆயினும் நிகழ்கிறது.

பிரித்தானியக் கோயில்களில் நாட்டியம் இடம்பெறுவதை ஆன் டேவிட் ஆராய்ந்திருக்கிறார். தேவதாசி மரபோடு எத்தொடர்பும் இல்லாத குடும்பங்களின் பெண்கள் திருவிழாக்களில் இறைவன் முன் ஆடுகின்றனர். சிதம்பரத்திலும் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடைபெறுகிறது. உலகெங்கிலுமிருந்து நம் பிள்ளைகள் அதில் ஆடச் செல்கின்றனர். இது புதிய மரபு. புதியது என்பதால் பொய்யானது அன்று. ஈசுட் ஆம் முருகன் கோயிலில் ஆடும் பெண், தன் உடலால் அறிய வல்லது ஏராளம்: அகதியாக வந்த தாயின் ஏக்கம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் ஒழுங்கு, தாய்மொழி தடுமாறும் நாவுக்கு அபிநயம் தரும் துணை, வேற்று நாட்டுக் கோயிலில் தன் உடல் பார்க்கப்படும் விதம். இவையெல்லாம் அவள் ஆய்வில் முதன்மைச் சான்றுகள்; இவற்றில் அவளை வெல்ல யாரும் இல்லை. இவற்றை விட்டுவிட்டு, சோழர் காலத்துத் தளிச்சேரிப் பெண்டிர் உணர்ந்ததை நானும் உணர்ந்தேன் என்று அவள் எழுதும்போதே வேலனாகிறாள்.

ஆய்வேடுகளை மதிப்பிடும் நிலையில் இருப்போர் கேட்கத்தக்கவை சில உண்டு. ஆடிய காணொளியைப் பின்னிணைப்பாக வைப்பது இன்று வழக்கம். கற்ற காணொளியை வைப்பதில்லை. ஆசிரியர் நிறுத்திய இடம், கையைப் பிடித்துத் திருப்பிய இடம், 'அது அப்படி இல்லை' என்று சொன்ன இடம் ஆகியவையே ஆய்வுக்கு வேண்டியவை. அவை பெரும்பாலும் வெட்டி நீக்கப்படுகின்றன. ஆய்வாளரின் உடல் எங்கே, யாரிடம், எத்தனை ஆண்டு பயின்றது என்பது முன்னுரையின் நன்றியுரையில் வருகிறது. ஆய்வு முறை பற்றிய இயலில் வருவதில்லை. மரபுவழி ஆடிய ஒருவர் ஆய்வாளரின் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்ன கருத்து, அது மறுப்பாகவே இருப்பினும், முழுமையாக அச்சிடப்பட்ட ஆய்வேடு மிக அரிது. முத்துக்கண்ணம்மாள் போன்றோர் எண்பதுகளைக் கடந்துவிட்டனர். அவர்கள் முன் ஆடிக்காட்டி, சரியா என்று கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.